கிளப் தலைவர் பதவியை ஏற்கலாமா? பழைய கணக்கும் மூன்று வெற்றுக் காசோலைகளும்

சேலத்தில் அச்சகம் நடத்தும் 46 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

உலகம் முழுவதும் கிளைகள் கொண்ட ஒரு சேவை அமைப்பின் உள்ளூர் கிளப்பில் இவர் எட்டு ஆண்டுகளாக உறுப்பினர். வரும் ஜூலை 1 முதல் ஓராண்டுக்குத் தலைவராக இருக்கும்படி இவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தக் கிளப்பில் ஒரு பெண் தலைவராவது இதுவே முதல்முறை. சேர்வராயன் மலைக் கிராமங்களில் கண் பரிசோதனை முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், ரத்ததான முகாம் என்று நல்ல பெயர் எடுத்த கிளப் அது.

சிக்கல் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருக்கிறது. ஏற்காட்டைத் தாண்டி, பஸ் எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு மலைக் கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் மாணவிகளுக்குக் கழிப்பறை கட்டித் தருவதாகக் கிளப் சொன்னது. 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வசூலானது. ஒரு பகுதி கிளப் கணக்குக்கு வந்தது. மீதி அப்போதைய தலைவரின் சொந்தக் கைபேசி எண்ணுக்கு ஜிபே மூலம் போனது. நிலைச்சட்டம் மட்டத்துக்குச் சுவர் எழும்பி, வேலை நின்றுவிட்டது. கடந்த மார்ச்சில் வாசகி தனியே போய்ப் பார்த்திருக்கிறார். பனியில் கல்லாக இறுகிப்போன சிமென்ட் மூட்டைகள் சுவரோரம் கிடந்தன. கதவுச் சட்டங்கள் சத்துணவுக் கூடத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. "இந்த வருஷமாவது முடிப்பீர்களா?" என்று தலைமையாசிரியை கேட்டதற்கு இவரால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த முன்னாள் தலைவருக்கு 68 வயது. கிளப்பில் எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. கொரோனா காலத்தில் அச்சகம் முடங்கியபோது ஆர்டர்கள் பிடித்துக் கொடுத்து இவரைத் தூக்கி நிறுத்தியவரும் அவரே. இப்போது ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் 86 ஆயிரம் ரூபாய் பாக்கி என்று கிளப் பெயருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். "பதவியை ஏற்றால் வீடு ஜப்தியாகும்" என்கிறார் கணவர். பதவியேற்பு விழாச் செலவு ஒன்றரை லட்சத்தைத் தலைவரே ஏற்பதுதான் வழக்கம் என்கிறார்கள் உறுப்பினர்கள். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன் 5,000 டாலர் அனுப்பத் தயாராக இருக்கிறார். அதை வாங்கிக் கழிப்பறையை முடித்துவிட்டால் பழைய கதையைக் கிளற வேண்டியதில்லையே என்றும் இவருக்குத் தோன்றுகிறது. அல்லது பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், போகிற போக்கில், ஒரு வரி: "கட்டுமானம் நடந்த வருடம் நான்தான் பொருளாளர். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அண்ணா கேட்டதால் மூன்று காசோலைகளில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருடம் ஆகிவிட்டதால் அவை இனி செல்லாது என்று நினைக்கிறேன்."

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் ஆறு பக்கம் கவலைப்பட்டிருக்கும் விஷயத்தைவிட, ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம் பெரியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த மூன்று காசோலைகள்

காசோலைக்கு மூன்று மாத ஆயுள் என்பது உண்மை. ஆனால் அந்த மூன்று மாதம், காசோலையில் எழுதப்பட்டிருக்கும் தேதியிலிருந்து கணக்கிடப்படுவது. நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அல்ல. உங்கள் காசோலைகளில் தேதியே இல்லை. இன்று யாராவது இன்றைய தேதியை எழுதினால் இன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு அது உயிருள்ள காசோலை. கையெழுத்திட்டு வெற்றாகக் கொடுத்தால், வாங்கியவர் அதை நிரப்பிக்கொள்ள அனுமதி தந்ததாகவே மாற்றுமுறை ஆவணச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. "தொகையை நான் எழுதவில்லை" என்ற வாதம் நீதிமன்றத்தில் எளிதில் எடுபடாது.

இப்போது இதை ஹார்டுவேர் கடைக்காரரின் கடிதத்தோடு சேர்த்துப் பாருங்கள். அவரிடம் கொடுக்கப்பட்டது இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால்? அவர் அதை வங்கியில் போட்டு, பணமில்லை என்று திரும்பினால், அதே சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழ் கிளப்புக்கும் கையெழுத்திட்டவர்களுக்கும் நோட்டீஸ் வரலாம். நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம். வங்கியில் கையெழுத்து அதிகாரம் மாறிவிட்டதால் திரும்பினாலும் வழக்கு வரக்கூடும். அந்தத் தேதியில் நீங்கள் பொருளாளர் இல்லை என்பது நல்ல எதிர்வாதம்தான். ஆனால் அதற்கு, நீங்கள் எந்தத் தேதியில் பொறுப்பை ஒப்படைத்தீர்கள் என்று காட்டும் தாள் ஒன்று வேண்டும். இருக்கிறதா?

ஆகவே முதல் வேலை வங்கியில். நீங்கள் பொருளாளராக இருந்த ஆண்டின் கணக்கு விவரத்தை இப்போதைய செயலாளர் மூலம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த மூன்று எண்களும் பணமாகியிருக்கின்றனவா, யார் பெயருக்கு என்று பாருங்கள். பணமாகாதவற்றுக்குப் பணம் வழங்க வேண்டாம் என்று கிளப்பின் இப்போதைய கையெழுத்தாளர்கள் வங்கிக்கு எழுத வேண்டும். கையெழுத்து அதிகாரம் உண்மையிலேயே மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஆண்டுதோறும் நிர்வாகிகள் மாறும் கிளப்புகளில் தீர்மானம் மட்டும் போட்டுவிட்டு, வங்கிக்குப் போக மறந்துவிடுவது சர்வசாதாரணம். இரண்டு ஆண்டுகள் கழித்தும் உங்கள் கையெழுத்தே அங்கே செல்லுபடியாக இருந்தால் நான் வியக்கமாட்டேன்.

பதவியை மறுத்து எழுதிக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறீர்கள் அல்லவா? இந்த மூன்று தாள்களும் அதனால் மறையாது. பொருளாளராக இருந்த ஆண்டின் கணக்குக்கு நீங்கள் ஏற்கெனவே பதில் சொல்ல வேண்டியவர். பதவியிலிருந்து விலகி நின்றால், பதில் சொல்லும் கடமை மட்டும் மிஞ்சும்; புத்தகங்களைத் திறந்து பார்க்கும் வசதி கைநழுவிப் போகும். தலைவரானால் அந்த வசதி உங்கள் கையில் இருக்கும். எனவே என் ஆலோசனை, ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே. ஆனால் கீழே சொல்வதைச் செய்த பிறகு.

பழைய பாக்கிக்கு உங்கள் வீடு போகுமா?

உங்கள் கணவரின் பயம் நியாயமானது, காரணம்தான் சரியில்லை. பதிவு பெற்ற ஒரு சங்கத்தின் கடன் சங்கத்தின் கடன். புதிதாகத் தலைவராக வந்தார் என்பதற்காகவே ஒருவரின் சொந்த வீடு அதற்கு ஈடாகாது. நீங்கள் தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தாலோ, சங்கப் பணத்தைத் தவறாகக் கையாண்டாலோ, அதற்கு உடந்தையாக இருந்தாலோதான் பொறுப்பு உங்கள் மீது நேரடியாகத் திரும்பும்.

"பதிவு பெற்ற" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் கிளப் உலக அமைப்பின் அங்கீகாரம் பெற்றது, சுவரில் பட்டயம் மாட்டியிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டயம் தாய் அமைப்பு கொடுத்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழான பதிவு வேறு. அதை மாவட்டப் பதிவாளர் தருவார். சில கிளப்புகள் பட்டயத்தோடு நின்றுவிட்டன. சிலவற்றில் கிளப் பதிவாகாமல், அதன் பெயரில் ஓர் அறக்கட்டளை மட்டும் தனியாகப் பதிவாகியிருக்கும். தலைவராக வருபவர் பதவி வழியில் அதற்கும் அறங்காவலராகிவிடுவார், சில நேரம் அவருக்கே தெரியாமல். பதிவே இல்லாத அமைப்பு என்றால், பொருள் வாங்க ஆர்டர் கொடுத்தவர்களையே கடைக்காரர் நேரடியாகக் கேட்கும் நிலை வரும். உங்கள் கிளப் இந்த மூன்றில் எது என்று கடிதத்திலிருந்து தெரியவில்லை. பதிவுச் சான்று, துணை விதிகள், அறக்கட்டளைப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை இந்த மாதமே கேட்டு வாங்குங்கள்.

பதிவு பெற்ற சங்கம் என்றால் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவை வைக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழு மாறினால் படிவம் 7-இல் தெரிவிக்க வேண்டும். பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் கிளப்பின் கோப்பைப் பாருங்கள். கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கு அங்கே இருக்கிறது, இன்னும் யார் பெயர் தலைவராக நிற்கிறது என்பதைக் கொண்டே உள்நிலவரத்தை ஓரளவு ஊகித்துவிடலாம்.

இன்னொரு நுட்பம், பல கிளப்புகளில் சண்டைக்கு மூலமே இதுதான். லயன்ஸ், ரோட்டரி போன்ற அமைப்புகளின் ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. அரசின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதனால் ஒரே நிதியாண்டை இரண்டு தலைவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஏப்ரல், மே, ஜூன் மாதச் செலவு முந்தையவருடையது. அந்த ஆண்டுக் கணக்கில் கையெழுத்திடப் போவது நீங்கள். ஜூன் 30 அன்று வங்கி இருப்பு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, தர வேண்டிய பாக்கி யாருக்கு எவ்வளவு, தாய் அமைப்புக்குச் சந்தா நிலுவை உண்டா என்று ஒரே தாளில் எழுதி, வெளியேறும் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இது இல்லாமல் ஜூலை 1 அன்று தலைவருக்கான காலரை (பதக்கச் சங்கிலியை)க் கழுத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். சந்தா நிலுவையை இலேசாக நினைக்க வேண்டாம். அது நீடித்தால் தாய் அமைப்பு கிளப்பையே நிறுத்தி வைக்கலாம்.

மற்ற நிர்வாகிகள் முன்பு செய்த பிழைக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் பிழை தெரிந்த பிறகு அதை மூடி ஒரு கணக்கில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து அது உங்கள் பிழையும் ஆகிவிடும். "கழிப்பறைப் பணி நிறைவு" என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி இருந்தால்கூடப் போதும்.

அண்ணனிடம் கேட்பது எப்படி

கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது இந்த இடம். "நன்றி கெட்டவள் என்று நினைத்துவிடுவாரோ" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களுக்குச் செய்த உதவி அவருடைய சொந்தப் பெருந்தன்மை. அதற்கான நன்றிக்கடன் உங்களுடையது. அதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் தீர்க்கலாம். கழிப்பறைக்குப் பணம் கொடுத்தவர்களோ, அம்மாபேட்டை நெசவாளர் முதல் வெள்ளிப் பட்டறைக்காரர் வரை வேறு மனிதர்கள். உங்கள் நன்றிக்கடனை அவர்கள் பணத்திலிருந்து தீர்க்க முடியாது.

அவர் பணத்தை எடுத்துக்கொண்டார் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஒரே கைபேசியில் வீட்டுச் செலவும் கிளப் வரவும் கலந்து, மேஸ்திரிக்கு ரொக்கமாகக் கொடுத்து, வவுச்சர்களை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு வைத்து, பிறகு எதற்கு எவ்வளவு என்று தெரியாமல் விழிக்கும் நல்ல மனிதர்களைத் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்காமல் விடுவது அப்படிப்பட்டவருக்கும் தீங்குதான். இன்று அவருக்கு நினைவிருக்கும்; பில் கொடுத்த கடைக்காரரும் இருப்பார். நான்கு ஆண்டுகள் கழித்து எதிரணியிலிருந்து ஒருவர் கேட்கும்போது இரண்டும் இருக்காது.

முதலில் வீட்டுக்குப் போய் நேரில் பேசுங்கள். அவர் மனைவியும் இருக்கும் நேரமாக இருந்தால் நல்லது. பிறகு, அன்றே, சுருக்கமாக ஒரு கடிதம். இப்படி எழுதலாம்:

"மதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்கு, வணக்கம். ஜூலை 1 முதல் பொறுப்பேற்கும் முன் பள்ளிக் கழிப்பறைத் திட்டக் கணக்கை ஆடிட்டர் பார்வைக்கு வைக்க விரும்புகிறேன். அந்த ஆண்டு நானும் பொருளாளராக இருந்ததால் என் பங்குக்கான விவரங்களை நானும் தருகிறேன். தங்கள் கைபேசி எண்ணுக்கு வந்த நன்கொடைகளின் பட்டியல், செலவுச் சீட்டுகள், மீதத் தொகை ஆகியவற்றை ஜூன் 15-க்குள் தந்து உதவக் கேட்டுக்கொள்கிறேன்."

குற்றச்சாட்டு ஒரு சொல்லிலும் இல்லை. உங்களையும் சேர்த்தே கணக்குக்கு உட்படுத்திக்கொள்கிறீர்கள். தேதி இருக்கிறது. நகலைச் செயலாளருக்கும் கொடுங்கள்.

உங்கள் பக்கம் ஒரு சாட்சி இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. நன்கொடை ரசீது புத்தகங்கள் உங்கள் அச்சகத்திலேயே அடிக்கப்பட்டவை என்று இரண்டாம் பக்கத்தில் சொல்கிறீர்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை நம்பர் போட்டுக் கொடுத்தீர்கள் என்பது உங்கள் ஆர்டர் புத்தகத்தில் இருக்கும். எத்தனை புத்தகம் திரும்பி வந்தது, அடிக்கட்டைகள் வரிசையாக இருக்கின்றனவா, இடையில் புத்தகமே காணவில்லையா என்று ஒப்பிடுங்கள். 3 லட்சத்து 40 ஆயிரம் என்பது எல்லோரும் சொல்லிவரும் தொகை. உண்மைத் தொகை அதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். முதலில் அதை உறுதிசெய்யுங்கள்.

அவர் தர மறுத்தால்? நிர்வாகக் குழுவில் தீர்மானம், பிறகு பொதுக்குழு. அங்கும் தீராவிட்டால், குழு உறுப்பினர்களில் பெரும்பான்மையோரோ மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ எழுதிக் கொடுத்தால் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவின் கீழ் பதிவாளர் விசாரிக்கலாம். நம்பிக்கை மோசடிக்குக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு இருக்கிறது. அது கடைசிக் கதவு. காவல் நிலையத்துக்குப் போனால் முதலில் நிற்பது கழிப்பறை வேலைதான். அந்தக் கணக்கில் பொருளாளர் என்ற முறையில் உங்கள் பெயரும் வரும். இப்போது போலீஸ் புகாரைப் பற்றி யாரிடமும் பேசவே வேண்டாம்.

அமெரிக்கப் பணம்

இது வேண்டவே வேண்டாம். உங்கள் பெரியப்பா மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்திய வம்சாவளியினராக இருந்தாலும், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும், அயல்நாட்டுக் குடிமகன் கொடுப்பது அயல்நாட்டு நன்கொடை. அதைப் பெற எஃப்சிஆர்ஏ எனப்படும் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பணம் புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்றே திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். இயங்கத் தொடங்கி மூன்று ஆண்டாவது ஆகி, அந்தக் காலத்தில் சேவைப் பணிக்கு 15 லட்சமாவது செலவிட்ட அமைப்புக்கே பொதுவாகப் பதிவு கிடைக்கும். இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது வேறு. அது அயல்நாட்டு நன்கொடையாகாது.

"என் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நான் கிளப்புக்குக் கொடுத்துவிடுகிறேனே, உறவினர்தானே" என்கிறீர்கள். உறவினருக்கான விலக்கு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர் போன்ற மிக நெருங்கிய வட்டத்துக்கே. நம் பேச்சு வழக்கில் பெரியப்பா மகன் அண்ணன்தான்; அந்தச் சட்டத்தின் பட்டியலில் அவர் இல்லை. இதையெல்லாம் தாண்டி இன்னொன்று: புதுப் பணத்தைப் போட்டுப் பழைய ஓட்டையை அடைத்தால், பழைய பணம் எங்கே போனது என்று கேட்பதற்குப் பிறகு யாருக்கும் காரணம் இருக்காது. உங்களுக்கும் இருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் அச்சகம்

கிளப்பின் பேனர், அழைப்பிதழ், மாத இதழ் எல்லாம் உங்களிடமே அச்சாகின்றன. இதுவரை நீங்கள் ஓர் உறுப்பினர். ஜூலை 1 முதல், ஆர்டர் கொடுப்பவரும் பில் கொடுப்பவரும் பில்லைப் பாஸ் செய்பவரும் நீங்கள் ஒருவரே. நீங்கள் லாபமே வைக்காமல் அடித்துக் கொடுத்தாலும் பேச்சு வரும். வருமான வரிப் பார்வையிலும், நிர்வாகிகளுக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகப் போனால் அறப்பணிக்கான வரிவிலக்கே ஆட்டம் காணும். அந்த ஒரு வருடம் வேறு அச்சகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால், மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி, நீங்கள் கூட்டத்திலிருந்து எழுந்து போன பிறகு மற்றவர்கள் முடிவெடுக்கட்டும்; எழுந்து போனதும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகட்டும்.

இதே மூச்சில் விழாச் செலவு. தலைவர் ஒன்றரை லட்சம் போட வேண்டும் என்பது சட்டமில்லை. உங்கள் துணை விதியிலும் இருக்காது என்றே நம்புகிறேன். அது வழக்கம், அதுவும் கெட்ட வழக்கம். வசதியில்லாத நல்ல உறுப்பினர்கள் தலைமைக்கு வராமல் போவதற்கு இதுவே முதல் காரணம். ஒரு சிறிய மண்டபம், மாலை நேரச் சிற்றுண்டி, ஒரு சால்வைக்குப் பதில் ஒரு புத்தகம் போதும். நீங்களாகப் பணம் போட்டால் அது நன்கொடையா கடனா என்று அன்றே எழுதுங்கள். கடனென்றால் குழுத் தீர்மானம் வேண்டும். 20 ஆயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. நன்கொடையாளர்களுக்கு வருமான வரிச் சலுகை (80ஜி) உண்டு என்று நோட்டீஸில் அச்சடிக்கும் முன், அந்தப் பதிவு இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். அது இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கொடுப்பவருக்குச் சலுகை கிடைக்காது. க்யூஆர் அட்டையில் கிளப் கணக்கு மட்டும். தலைவர் எண், பொருளாளர் எண் எதுவும் வேண்டாம்.

"இது ஆண்கள் தொடங்கிய அமைப்பு" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். லயன்ஸ் பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1987-இல், ரோட்டரி 1989-இல். லயன்ஸின் உலகத் தலைவராக ஐஸ்லாந்தின் குட்ருன் இங்வதோத்திர் 2018-இலும், ரோட்டரியின் உலகத் தலைவராகக் கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் 2022-இலும் பொறுப்பேற்றார்கள். அந்தப் பெரியவரிடம் வாதிட வேண்டாம். ஏதாவது ஒரு முகாமுக்கு அவரையே பொறுப்பாளராகப் போடுங்கள்.

மலையில் செய்ய வேண்டியது

கணக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். பள்ளி அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அரசுப் பள்ளி வளாகத்தில் கட்டுவதற்குத் துறையின் எழுத்துமூல அனுமதி வாங்கப்பட்டதா என்று கடிதத்தில் இல்லை. மலைப்பகுதிக் கட்டுமானத்துக்குத் தனி விதிகள் உண்டு; வேலை நின்றதற்குப் பணம்தான் காரணம் என்று நீங்களும் மற்றவர்களும் நினைக்கிறீர்கள், அனுமதி காரணமாகவும் இருக்கலாம். வட்டாரக் கல்வி அலுவலரையும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தையும் கேளுங்கள். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி' திட்டத்தின் வழியாகக் கொடையாளர்களைச் சேர்க்க முடியுமா என்றும் பாருங்கள்.

அதற்கு முன், பள்ளி மேலாண்மைக் குழுவைச் சந்தியுங்கள். அதில் பெரும்பான்மையோர் பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். உங்கள் கிளப் அவர்களிடம் இதுவரை ஒரு முறைகூடப் பேசியதாகத் தெரியவில்லை. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுத் தொட்டி எங்கே தோண்டினால் ஊற்று கெடாது, யார் சுத்தம் செய்வார், அதற்கு மாதம் எவ்வளவு என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்ல முடியும். தண்ணீருக்கு வழியில்லாமல் கட்டிய கழிப்பறை இரண்டாம் வருடம் விறகு அடுக்கும் இடமாகிவிடும்.

கண் முகாமுக்கும் இதே வழிதான். நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். அறுபது வயதுப் பாட்டியும் கூலிக்குப் போய்விடுவார். அந்த மாதங்களில் வார நாளில் முகாம் போட்டு, கூட்டம் வரவில்லை என்று மலைமக்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. முகாமில் நடப்பது பரிசோதனை மட்டும். அறுவைச் சிகிச்சை மருத்துவமனையில். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்து, கண்ணில் கட்டோடு அதே வளைவுகளில் ஏறிப் போகும் முதியவருக்குத் துணைக்கு ஆளும் வண்டியும் மறு பரிசோதனைக்குத் தேதியும் இருக்கிறதா என்பதை முகாம் அறிவிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

இடையில் விலக வேண்டிய நிலை வந்தால் விலகலாம். அந்த உரிமை எப்போதும் உண்டு. எழுத்தில் கொடுத்து, தேதியுடன் ஒப்புதல் வாங்கி, பதிவாளருக்கும் வங்கிக்கும் மாற்றம் போய்ச் சேர்ந்ததை நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வங்கி விவரம் கைக்கு வந்ததும், கடைக்காரரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞரையும் ஆடிட்டரையும் ஒருசேரப் பாருங்கள். கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரருக்கு இப்போதைக்குச் செயலாளர் பெயரில் ஒரு பதில் போகட்டும்: "தங்கள் கடிதம் கிடைத்தது. பில் நகல்களையும், காசோலை ஏதும் தங்களிடம் இருந்தால் அதன் எண்ணையும் தெரிவிக்கவும்." பாக்கியை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.